பழைய ஹொண்டாவுக்கு வேறு எஞ்சின்: எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் அடுக்குமாடிகளின் வாகனத் தரிப்பிடத்தை எட்டிப்பார்த்தால், சில இடங்களில் தூணோரமாகத் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு மோட்டார் சைக்கிளைக் காணலாம். பெரும்பாலும் அது பழைய ஹொண்டாவாகத்தான் இருக்கும். சி50, சி70, சி90 அல்லது ஜப்பான் தபாற்காரர்கள் ஓட்டிய எம்.டி.90. அப்பா வேலைக்குப் போன வண்டி, மாமா இடம்பெயரும்போது கொண்டுவந்த வண்டி என்று அதற்கு ஒரு கதை இருக்கும். எஞ்சின் மட்டும் வேலை செய்யாது.

அந்த வண்டியை மறுபடி ஓடவைக்க நினைப்பவருக்குக் கராச்சில் முதலில் கிடைக்கும் யோசனை எஞ்சினை மாற்றுவது. சீனத் தயாரிப்பான 110 அல்லது 125 சி.சி. எஞ்சின் ஒன்றை வாங்கிப் பூட்டினால் ஒரே நாளில் ஓடும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஒரு நாளில் வெட்டி எறியப்படும் பாகங்களை மீண்டும் தேடிப் பிடிப்பது கடினம். அதோடு, எஞ்சினை மாற்றுவது வண்டியின் கடதாசிகளையும் தொடுகிற வேலை. நம்மவர்களுக்குக் கடதாசி சின்ன விடயமாக ஒருநாளும் இருந்ததில்லை.

முதலில், இந்த மாற்றம் ஏன் இவ்வளவு இலகுவாக இருக்கிறது என்று பார்ப்போம். ஹொண்டா சூப்பர் கப் 1958 இல் வந்தது. முதல் மாதிரியான சி100 இன் எஞ்சின் 49 சி.சி. 1960களின் நடுப்பகுதியில் வால்வுகளை மேலிருந்து இயக்கும் கேம் தண்டோடு புதிய எஞ்சின் வந்தது. சிலிண்டர் தரைக்குக் கிடையாகப் படுத்திருக்க, எஞ்சின் முழுவதும் பின்பக்கத்தில் மேலும் கீழுமாக உள்ள இரண்டு நீள போல்ட்டுகளில் தொங்கும். இந்த அமைப்பை ஹொண்டா பல பத்தாண்டுகள் பெரிதாக மாற்றவில்லை. சீன நிறுவனங்களும் அதே அளவில் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கின. 2017 இல் 10 கோடியாவது சூப்பர் கப் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. உலகில் அதிகம் செய்யப்பட்ட மோட்டார் வண்டி இதுதான். அதனால்தான் சி50 இன் உடம்பில் 125 சி.சி. எஞ்சின் ஒன்று பெரிய வெல்டிங் வேலை இல்லாமல் ஏறிவிடுகிறது.

இனி, அந்தப் பழைய எஞ்சின் ஏன் செத்தது என்ற கேள்வி. வடக்கிலிருந்து வந்த வண்டி என்றால் விடை பல நேரங்களில் மண்ணெண்ணெய்தான்.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தங்கமானது. அரைக்கேம்பிரிட்ஜ் கார்களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அந்தப் புகையின் மணம் அங்கு வாழ்ந்த எவருக்கும் மறக்காது. சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோலை வைத்திருந்து, காபரேட்டருக்குள் சில துளிகள் விட்டு எஞ்சினை எடுப்பார்கள். சூடானதும் அது மண்ணெண்ணெயைக் குடிக்கத் தொடங்கும். இதில் மந்திரம் எதுவுமில்லை. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, சூட்டில் ஆவியாகும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு இங்கிலாந்தில் செய்யப்பட்ட பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இதே முறையில், பெற்றோலில் எடுத்து மலிவான எண்ணெயில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டிருந்தது. அந்த எஞ்சினில் அமுக்கத்தையும் அதற்கேற்பக் குறைத்திருந்தார்கள். நமது கராச்சுகளில் அதே வேலையைச் சிலிண்டருக்குக் கீழே கூடுதலாக ஒரு கஸ்கற் வைத்துச் செய்தார்கள். அமுக்கம் குறைந்தால் எஞ்சின் இடிக்காது.

அந்தக் காலத்துக்கு அது பெரிய கெட்டித்தனம். அதற்கான விலையை எஞ்சின் கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் தண்ணியாகும். கிராங்க் தண்டின் பெயரிங்குகளும் கேம் தண்டும் தேயும். இன்று அந்த வண்டியைக் கழற்றுபவர் உள்ளே இரண்டு கஸ்கற்றுகளையோ கையால் வெட்டிய ஒரு தகட்டையோ கண்டால் ஆச்சரியப்படத் தேவையில்லை. அது பிழையான வேலை அல்ல. அந்த எஞ்சின் பொருளாதாரத் தடைக்குள் ஓடியது என்பதற்கான அடையாளம். அதை ஒரு உறையில் போட்டு வைத்திருங்கள்.

மாற்றுவதற்கு முன் ஒரு தடவை அளந்து பார்ப்பது நல்லது. சிலிண்டர் மட்டும் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்து, கால் மில்லிமீற்றர் அல்லது அரை மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் போடலாம். கிராங்க் ஆடினாலும் அதன் கனெக்டிங் ரொட்டை மாற்றலாம். கிராங்க் கேஸ் உடைந்திருந்தால்தான் வேறு எஞ்சின் அவசியம். என் கணிப்பில், மாற்றப்படும் பழைய எஞ்சின்களில் பல காப்பாற்றக்கூடியவை. செய்து முடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளலாம்: கடையில் நாளைக்கும் கிடைப்பதை வெட்டுங்கள், கிடைக்காததை வெட்டாதீர்கள். புதிய எஞ்சினும் அதோடு வரும் பாகங்களும் பஞ்சிகாவத்தையில் விலைக்குக் கிடைப்பவை. ஐம்பது வருடப் பழைய மூலப்பாகம் அப்படிக் கிடைக்காது. கராச்சில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. புதியதைக் கெடுக்க மனம் வராமல் பழையதை அறுத்துவிடுகிறார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் லெக் ஷீல்ட். கப் வண்டிகளில் முழங்காலுக்கு முன்னால் வரும் பிளாஸ்ரிக் கவசம் அது. புதிய எஞ்சினோடு வரும் காபரேட்டர் பெரியது. அது நிற்கும் கோணமும் வேறு. அதனால் கவசத்திலோ சேசிஸிலோ போய் இடிக்கும். உடனே கவசத்தை அரிவார்கள். சேதமில்லாத மூலக் கவசம் இன்று அரிது. வெயில் பட்டு முறுகியிருப்பதால் அரியும்போதே வெடித்தும்விடும். இன்ரேக் குழாயை மாற்றிச் செய்வதுதான் சரியான வழி. அது ஒரு சின்ன அலுமினியத் துண்டு. லேத்தில் கடைந்து கோணம் மாற்றலாம், இடையில் தடித்த துண்டொன்று வைக்கலாம், அல்லது பழைய காபரேட்டரையே பூட்டலாம். பழையதைப் போட்டால் வேகம் குறையும். ஆனால் அந்த பிரேக்குகளுக்கு அந்த வேகமே போதும். இதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது செயின். முன் ஸ்ப்ரொக்கெட்டும் பின் ஸ்ப்ரொக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். புதிய எஞ்சினில் முன் ஸ்ப்ரொக்கெட் சில மில்லிமீற்றர் உள்ளேயோ வெளியேயோ நிற்கலாம். ஒரு நேரான இரும்புச் சட்டத்தைப் பின் ஸ்ப்ரொக்கெட்டில் அணைத்துப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வித்தியாசம் இருந்தால், பின் ஹப்பை அரியாமல், முன்னால் விலகல் கொண்ட ஸ்ப்ரொக்கெட் ஒன்றைப் போடவேண்டும். 420, 428 ஆகிய இரு செயின்களிலும் பல்லுக்குப் பல் இடைவெளி அரை அங்குலம்தான். அகலம்தான் வேறு. இரண்டையும் கலந்து போட்டால் செயின் ஏறியது போலத் தோன்றும், கொஞ்சத் தூரத்தில் பல்லைத் தின்றுவிடும். எஞ்சின் எதற்கோ அதற்கே இரண்டு ஸ்ப்ரொக்கெட்டும் செயினும் ஒரே எண்ணில் வாங்குங்கள்.

வெல்டிங் பற்றிக் கொஞ்சம் கவனம். கப்பின் சேசிஸில் பெரும்பகுதி அழுத்தி வடித்த தகடு. தடித்த குழாய் அல்ல. உள்ளிருந்து துருப்பிடித்த தகட்டில் ஆர்க் வெல்டிங் பிடித்தால் ஓட்டை விழும், சூட்டில் வளையும். தாங்கி ஒன்று தேவைப்பட்டால், இருக்கிற போல்ட் துளைகளிலேயே பூட்டும்படி தனித்தகடு வெட்டிச் செய்விப்பது மேல். நாளைக்குக் கழற்றினால் வண்டி பழையபடியே நிற்கும். எப்படியோ வெல்டிங் செய்வதென்றால் பெற்றோல் தாங்கியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பட்டரியையும் பிரித்துவிடுங்கள். கப்பில் தாங்கி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வெறும் தாங்கிதானே என்று விடக்கூடாது. நிறைந்த தாங்கியைவிட ஆவி நிறைந்த வெறும் தாங்கிதான் வெடிக்கும்.

பழைய கப்கள் 6 வோல்ட். புதிய எஞ்சின் 12 வோல்ட். பட்டரி, பல்புகள், ஹோர்ன், ரெகுலேற்றர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒரு பழைய பல்பு விடுபட்டால் அது உடனே எரிந்துபோகும். இதில் பிரச்சினை பெரிதாக இல்லை. பழைய வயர் கட்டை மட்டும் நறுக்காமல் அப்படியே உருவி எடுத்து, புதிய கட்டைத் தனியாகப் போடுங்கள்.

இனி பிரேக். 50 சி.சி. வண்டிக்குச் செய்த சின்ன டிரம் பிரேக், இரண்டு மடங்குக்கு மேற்பட்ட எஞ்சினை நிறுத்தச் செய்யப்பட்டதல்ல. காலி வீதியில் பஸ்கள் எப்படி ஓடுகின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. 125 போடுகிறவர் முன்சக்கரத்தையும் பிரேக்கையும் முழுத்தொகுதியாக மாற்றவேண்டும். அதற்கு மனமில்லை என்றால் சி90 எஞ்சினோடு நிற்கலாம். இடையில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எஞ்சின் மாற்றம் கப் வண்டியோடு வந்த பழக்கமல்ல. இங்கிலாந்தில் 1950களில் கார்ப் பந்தயக்காரர்களுக்கு நோர்ட்டன் எஞ்சின் வேண்டியிருந்தது. நிறுவனம் எஞ்சினைத் தனியாக விற்காததால் முழு மோட்டார் சைக்கிளையே வாங்கி, எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் இல்லாத நல்ல சேசிஸ்கள் மிஞ்சின. அவற்றில் ட்ரையம்ப் எஞ்சினைப் பூட்டினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ட்ரைட்டன். இன்று எஞ்சினும் சேசிஸும் தொழிற்சாலையில் சேர்ந்தபடியே இருக்கும் பழைய நோர்ட்டனுக்குத்தான் அதிக விலை.

ஆங்கிலேயர் காலத்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் வண்டிகளின் மரைகள் அங்குலக் கணக்கு. ஹொண்டா மில்லிமீற்றர் கணக்கு. கிட்டத்தட்டப் பொருந்தும் போல்ட்டை இறுக்கினால் அலுமினியத்தின் மரை போய்விடும்.

கடைசியாக இலக்கம். இதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும்.

ஹொண்டாவில் எஞ்சின் இலக்கம் கிராங்க் கேஸின் கீழ்ப்புறத்தில் அடிக்கப்பட்டிருக்கும். மாதிரிப் பெயருக்குப் பின்னால் எஞ்சினைக் குறிக்கும் 'இ' என்ற ஆங்கில எழுத்து வரும். சி70 என்றால் சி70இ. சேசிஸ் இலக்கம் உடம்பில் இருக்கும். இரண்டும் பதிவுப் புத்தகத்தில் இருக்கின்றன. போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் புத்தகத்தையும் எஞ்சினையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இலக்கம் பொருந்தாவிட்டால், கேள்வி திருட்டு வண்டியா என்பதோடு நின்றுவிடாது. 2009க்குப் பிறகு வன்னியில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த மோட்டார் சைக்கிள்களுக்குள் தன் வண்டியைத் தேடிப்போனவர் கையில் வேண்டியிருந்ததும் இந்த இலக்கங்கள்தான். 2022 இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கியபோதும் பதிவுக்குச் சேசிஸ் இலக்கம் கேட்டார்கள்.

ஆகவே எஞ்சின் வாங்கும்போது இறக்குமதி அல்லது விற்பனைக் கடதாசியைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத எஞ்சின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் பதியவேண்டும். எந்தெந்தக் கடதாசிகள் தேவை என்பதை எஞ்சினைப் பூட்டுவதற்கு முன்பே நாரஹேன்பிட்டி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், பூட்டியபிறகு கேட்பதில் பயனில்லை. புதிய எஞ்சினில் பழைய இலக்கத்தையே அடித்துத் தரலாமே என்று யாராவது சொன்னால் அந்தக் கராச்சிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அது குற்றம். வண்டியும் போகும். பெயின்ற் அடிப்பவரிடம் சேசிஸ் இலக்கத்தின் மேல் நாடா ஒட்டச் சொல்லுங்கள். மணல் ஊதித் துருவெடுக்கும்போது அழிந்த இலக்கமும், தடித்த பெயின்றுக்குள் மறைந்த இலக்கமும் ஒரே மாதிரியான தலையிடி.

கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கவேண்டாம். ஒயிலை வடித்துவிட்டுப் புதியதை விடுங்கள். பிளக்கைக் கழற்றி அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, கிக்கரை மெதுவாக நான்கைந்து தடவை மிதித்தால் சிலிண்டர் சுவரில் படரும். பிளக்கைத் திரும்பப் பூட்டி, இன்ரேக், சைலன்சர் வாய்கள் இரண்டையும் துணி வைத்து அடைத்துவிடுங்கள். வெள்ளவத்தை உப்புக்காற்று அலுமினியத்தையும் விடாது, எனவே கிறீஸ் பூசித் தடித்த பொலித்தீனில் சுற்றவேண்டும். மேலே ஒரு அட்டையில் வண்டி இலக்கம், எஞ்சின் இலக்கம், கழற்றிய திகதி ஆகியவற்றை எழுதிக் கட்டுங்கள். கழற்றிய போல்ட்டுகளும் அந்த மண்ணெண்ணெய்க் காலத்துக் கஸ்கற்றும் அதே பொதிக்குள் இருக்கட்டும்.