கருங்காலி நாற்காலிகளைச் செய்தார் யாவர்?

பழம்பொருள் ஒன்றைச் செய்தவர் யாவர் என ஆராய்வார்க்கு முதற்கண் தடையாய் நிற்பது, பெரும்பாலும் அதனை உடையவர் பெயரே. உடையவர் புகழ் பெற்றவராயின், செய்தவர் மறக்கப்படுவர். இங்கிலாந்தின் மாளிகைகள் சிலவற்றிற் பேணப்பட்டு வந்த கருங்காலி நாற்காலிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முறுக்கிக் கடைந்த கால்களும், செதுக்கு வேலை நிறைந்த சாய்வும் உடையவை இந்நாற்காலிகள். ஆங்கில எழுத்தாளர் ஹோரேஸ் வால்போல் இத்தகைய நாற்காலிகளை 1763-இல் விலைக்கு வாங்கித் தம் ஸ்ட்ராபெரி ஹில் இல்லத்தில் வைத்தார். கார்டினல் உல்சியோடு தொடர்புடைய ஈஷர் மாளிகையில் இவைபோன்றவை இருந்தமையால், இவை டியூடர் மன்னர் காலத்தன என அவர் துணிந்தார். அவர் கருத்தைப் பின்னோரும் வழிமொழிந்தனர்.

பின்னர் வேறொரு கருத்து எழுந்தது. 1662-இல் இரண்டாம் சார்லசு மன்னரை மணந்த போர்த்துகல் இளவரசி காதரைனோடு இவை வந்தன என்றும், ஆதலின் போர்த்துக்கீசியர் ஆட்சிக்குட்பட்ட கோவாவிற் செய்யப்பட்டன என்றும் சிலர் கூறினர். முன்னது கார்டினலையும் பின்னது அரசியையும் பற்றி நின்றதேயன்றி, இரண்டும் பொருளை நோக்கி எழுந்தனவல்ல.

பொருளை நோக்கின் உண்மை புலனாகும். உல்சி 1530-இல் மறைந்தார். முறுக்குக் கடைசல் ஐரோப்பிய இருக்கைகளிற் பெருவழக்காயதோ 17-ஆம் நூற்றாண்டில். எனவே டியூடர் காலக் கருத்து நிற்றற்கில்லை. கருங்காலி மரம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளைவது. ஆயின், இலங்கையிலும் பத்தேவியாவிலும் கருங்காலி இருக்கைகள் செய்யப்பட்டமையால், மரம் ஒன்றே சான்றாகாது. பூங்கொடிகளும் பறவைகளும் கற்பனை உயிர்களும் நெருங்கி அமைந்த செதுக்கு வேலை, இந்தியக் கைவினை மரபைச் சுட்டுகின்றது. இடத்தைத் தெளிவிப்பது எழுத்துச் சான்று. டச்சுக் கம்பெனியின் பணியில் அம்போன் தீவில் வாழ்ந்து 1702-இல் மறைந்த ரம்பியசு என்னும் தாவர நூலார், சோழ மண்டலக் கரையினர் கருங்காலியால் இருக்கைகளும் சிறு மேசைகளும் செதுக்கிச் செய்தமையைக் குறித்துள்ளார். அவர் நூல் 1741 முதல் அச்சேறியது. இத்தகைய சான்றுகளைத் தொகுத்து, 2001-இல் வெளிவந்த தம் நூலில் அமின் ஜாபர், இவ்வகை நாற்காலிகளைச் சோழ மண்டலக் கரைக்கு உரியனவாகக் காட்டினார்.

எனினும், ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. அக்கரை தமிழகத்தோடு அமைவதன்று. மசூலிப்பட்டினம் முதலிய தெலுங்கு நாட்டுத் துறைகளையும் தழுவியது. எனவே இவையனைத்தும் தமிழ்த் தச்சர் கைவண்ணமே என முழங்குதல், வால்போல் செய்த பிழையையே வேறு திசையிற் செய்தலாகும். சான்று எத்துணைத் தொலைவு செல்லுமோ அத்துணைத் தொலைவே முடிவும் செல்லுதல் வேண்டும்.

இந்நாற்காலிகளிற் செய்தவர் பெயர் பொறிக்கப்படவில்லை. நமக்குக் கிடைப்பது தனி ஒருவர் பெயரன்று, ஒரு கரையும் ஒரு தொழில் மரபுமே. ஆயினும், நெடுங்காலம் அயல்நாட்டு அரண்மனைகளின் பெயரால் வழங்கிய ஒரு கைத்திறனை, அதற்குரிய தச்சர் குழுவினர்க்கு மீட்டளித்தல் சிறு பயனன்று. உடையவர் புகழை ஒதுக்கி, மரத்தையும் உளித்தடத்தையும் ஏட்டுச் சான்றையும் ஒருங்கு வைத்து நோக்குவதே அதற்கு வழியாகும்.