சோழவரம் ஓடுதளத்தில் காரும் மோட்டார் சைக்கிளும்

பண்ணுருட்டியை அடுத்த திருவதிகை வீரட்டானத்தின் தலபுராணம் ஒரு தேரின் வரலாறாகவே அமைந்துள்ளது. பூமியைத் தட்டாகவும், சூரிய சந்திரரைச் சக்கரங்களாகவும், நான்கு வேதங்களைக் குதிரைகளாகவும் கொண்டு, பிரமனே சாரதியாக அமர்ந்த அத்தேரில் ஏறிச் சிவபெருமான் முப்புரங்களை எரித்தார் என்பது அதன் சாரம். போகும் வழியில் தேரின் அச்சு முறிந்த தலமாக அச்சிறுபாக்கம் சுட்டப்படுகிறது. அந்த அச்சிறுபாக்கம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணித்து, நகரைக் கடந்து, கொல்கத்தா சாலையில் செங்குன்றத்திற்கு அப்பால் சென்றால் வருவது சோழவரம். தமிழகத்தின் மோட்டார் பந்தய வரலாற்றில் முதல் நாற்பது ஆண்டுகளின் பெரும்பகுதி இவ்வூர் ஓடுதளத்தில்தான் நிகழ்ந்தது. கார் வேகமானதா, மோட்டார் சைக்கிள் வேகமானதா என்ற கேள்வியும் இங்குதான் கண்முன்னே அளந்து பார்க்கத்தக்கதாக இருந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போர் விமானங்களுக்கென அமைக்கப்பட்டுப் பின்னர் பயனின்றிக் கிடந்த ஓடுதளங்கள் பந்தயத் தடங்களாக மாறியது உலகெங்கும் நிகழ்ந்த ஒன்றாகும். இங்கிலாந்தில் 1907இல் பந்தயத்திற்கென்றே கட்டப்பட்ட புரூக்லேண்ட்ஸ் தடத்தில் 1939க்குப் பிறகு பந்தயம் நடக்கவே இல்லை. போருக்குப்பின் அந்நாட்டின் பெரும்பந்தயம் 1948இல் சில்வர்ஸ்டோன் என்ற பழைய விமானத்தளத்தில், வைக்கோல் கட்டுகளை எல்லையாக அடுக்கி நடத்தப்பட்டது. சென்னையில் 1953இல் தொடங்கப்பெற்ற மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தை ஏற்றுக்கொண்டதும் அதே போக்கில் அமைந்ததே. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பொதுவாகத் தனித்தனிப் பிரிவுகளிலேயே ஓடின. எனினும் தளமும் வெயிலும் தூரமும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தமையால், நிறுத்துக் கடிகாரம் காட்டிய நேரங்களை ஒப்பிடுவோருக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த ஒப்பீட்டின் முடிவைத் தீர்மானித்தது ஓட்டுநரின் கைத்திறனைவிட நாட்டின் தொழிற்கொள்கையே என்று கொள்வதே பொருத்தம். உதிரிபாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்பதோடு நின்ற நிறுவனங்கள், உள்நாட்டிலேயே முழுமையாக உற்பத்தி செய்யும் திட்டமின்றி இங்குத் தொடர இயலாது என்ற நிலை 1953இல் உருவானபோது, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. எஞ்சியவை மிகச் சில. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடர், ஃபியட் 1100இன் வழிவந்த பிரீமியர் பத்மினி, சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய இவையே பல பத்தாண்டுகள் இந்தியச் சாலைகளை ஆண்டன; போட்டி இன்மையால் அவற்றின் பொறி மாறவேண்டிய தேவையும் எழவில்லை. மோட்டார் சைக்கிளின் நிலையும் நெடுநாள் அவ்வாறே இருந்தது. 1955இல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு ஆலையின் புல்லட் உறுதிக்குப் பெயர்பெற்றதேயன்றி விரைவுக்கு அன்று.

1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்டி 350ஐ ‘ராஜ்தூத் 350’ என்ற பெயரில் வெளியிட்டபோது இந்நிலை ஒரே நாளில் உடைந்தது. உண்மையில் அது புதிய வண்டியன்று: ஜப்பானில் 1973இல் அறிமுகமாகி, 1976க்குள் ஆர்டி 400க்கு இடம் கொடுத்துவிட்ட வடிவம். வெளியுலகில் பழையதாகிவிட்ட ஒன்று இங்கே எல்லாவற்றிலும் விரைந்ததாக வந்து நின்றது. அதை எதிர்கொண்ட கார்களோ அதனினும் பல ஆண்டு மூத்தவை. இதன் பொறி இரட்டை உருளை கொண்ட 347 சிசி டூ-ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. அதாவது, பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் எரிபொருள் வெடித்து ஆற்றல் தருவது. உள்ளே இழுக்கப்பட்ட கலவை பின்னோக்கித் திரும்பாதபடி மெல்லிய தகடுகளால் தடுக்கும் ‘ரீட் வால்வு’ அமைப்பும், ஆறு கியர்களும் இதற்கு உண்டு. தாழ்ந்த சுழற்சியில் இவ்வண்டி சாதுவாகவே ஓடும். சுழற்சிமானியின் முள் ஐயாயிரத்தைக் கடந்ததும் சைலன்சரின் ஒலி திடீரெனக் கூர்மையாகி, நீலப் புகையோடு எரிந்த 2டி ஆயிலின் நெடி பரவ, முன்சக்கரம் தரையை விட்டெழத் துடிக்கும். மெக்கானிக்குகள் ‘பிக்கப்’ என்று சொல்வது இதனையே.

இதனைக் கணக்கிலும் காணலாம். வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்த எடையைக் குதிரைத்திறனால் வகுத்தால், ஒவ்வொரு குதிரைத்திறனும் எத்தனை கிலோவைச் சுமக்கிறது என்பது புலப்படும். ஏறக்குறைய 150 கிலோ எடையும் 30 குதிரைத்திறனும் கொண்ட ராஜ்தூத் 350இல் எழுபது கிலோ மனிதர் அமர்ந்தால் அது 7 கிலோ அளவில் நிற்கும். பத்மினியில் அதே சுமை 24 கிலோ. 1983 இறுதியில் வந்த, எடை குறைந்த மாருதி 800இல்கூட 18 கிலோ. நேர்க்கோட்டுப் பாதையில் பச்சைக்கொடி விழுந்த சில வினாடிகளிலேயே கார் பின்தங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆயினும் ஓடுதளம் முடிந்து வளைவு தொடங்குமிடத்தில் கணக்கு மாறுகிறது. இப்பொருளில் மிகுந்த கவனத்துக்குரிய இடமும் அதுவே. மோட்டார் சைக்கிள் தரையைத் தொடுவது உள்ளங்கை அளவான இரண்டு இடங்களில் மட்டுமே. காருக்கோ நான்கு சக்கரங்களும் அகன்ற பிடிமானமும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது எடை முழுவதும் முன்னோக்கிச் சாய்வதால், இரு சக்கர வண்டியில் முன்சக்கரமே ஏறத்தாழ முழுச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஆர்டி 350க்கு முன்புறம் டிஸ்க் பிரேக் இருந்தது. இந்திய வடிவத்துக்கோ டிரம் பிரேக்கே வாய்த்தது. உட்புறத்தில் விரிந்து உராயும் கட்டைகளின் வெப்பம் வெளியேற வழியின்றி அந்த டிரம்மிலேயே தேங்குவதால், சில சுற்றுகள் ஓடியபின் லீவரை எவ்வளவு இழுத்தாலும் பிடி தளர்ந்துவிடும். மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொடவல்ல ஒரு வண்டிக்கு இத்தகைய பிரேக்கைக் கொடுத்தது சிக்கனத்தின் பெயரால் இழைக்கப்பட்ட பெரும் பிழையாகும். இதனை இளைஞர்கள் பந்தயத் தடத்தில் மட்டுமன்றிப் பொதுச்சாலையிலும் ஓட்டினர் என்பதை எண்ணும்போது அப்பிழையின் கனம் கூடுகிறது.

சோழவரத்தில் மோட்டார் சைக்கிளின் மேலாதிக்கத்துக்கு விதிவிலக்குகளும் உண்டு. கோண்டல் இளவரசர், விஜய் மல்லையா முதலியோர் வெளிநாட்டிலிருந்து தருவித்த பந்தயக் கார்கள், குறிப்பாக மல்லையாவின் என்சைன் ஃபார்முலா ஒன் கார், எந்த இரு சக்கர வண்டிக்கும் எட்டாதவை. ஆனால் நிலையான மாற்றத்தை ஏற்படுத்தியவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதனே. மாருதி 800இன் எளிய பொறியை, ஒருவர் மட்டும் அமரும் தாழ்ந்த, இலகுவான சட்டகத்தில் பொருத்தி அவர் வடிவமைத்த ‘ஃபார்முலா மாருதி’, குதிரைத்திறனைக் கூட்டாமல் எடையைக் குறைத்தே காரை விரைவாக்கலாம் என்பதைக் காட்டியது. மோட்டார் சைக்கிளின் வலிமை எதுவோ அதனையே காருக்கு ஈந்த செயல் அது. கரிவரதன் 1995இல் சிறுவிமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்குகிறது.

திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயத்திற்கென்றே கட்டிய தடம் 1990இல் திறக்கப்பட்டதும் சோழவரத்தின் காலம் முடிந்தது. ராஜ்தூத் 350இன் உற்பத்தியும் ஏறத்தாழ அதே வேளையில் நின்றது. 3.7 கிலோமீட்டர் நீளத்தில் பன்னிரண்டு வளைவுகளைக் கொண்ட புதிய தடம், ஓடுதளத்தின் நீண்ட நேர்ப்பாதை மோட்டார் சைக்கிளுக்கு அளித்திருந்த சலுகையைப் பறித்துக்கொண்டது. சந்தை திறந்தபின் வந்த கார்களும் முந்தைய கார்களைப் போன்றவையல்ல: 1,100 கிலோ எடையும் 120 குதிரைத்திறனும் உடைய இன்றைய கார் ஒன்றில் மேற்சொன்ன சுமை 10 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. புறப்படும் இடத்தில் பழைய ஆர்டி இன்றும் முன்னே பாயக்கூடும். வேகம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பு முப்பது குதிரைத்திறனை விழுங்கிவிட, கார் அதனை நெருங்கிக் கடந்துவிடும். இதனைப் பொதுச்சாலையில் சோதிப்போர்க்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, 2019 திருத்தத்தின்படி, முதல் குற்றத்திற்கே மூன்று மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது.