பல்ஸ் ஆக்சிமீட்டர்

பல்ஸ் ஆக்சிமீட்டர் என்பது விரல் நுனி, காது மடல் அல்லது பச்சிளங்குழந்தையின் பாதத்தில் ஒளியைப் பாய்ச்சி, தமனி இரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜன் ஏற்றிருக்கிறது என்பதையும் நிமிடத்துக்கு எத்தனை நாடித்துடிப்பு என்பதையும் ஊசி குத்தாமல் காட்டும் கருவி. முதல் எண்ணைச் செவிலியர்கள் 'சாச்சுரேஷன்' என்பார்கள். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிராமங்களில் 'விரல்ல மாட்டுற மிஷின்' என்றால் போதும்.

இந்த இரண்டு மாவட்டங்களும் பழைய திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமானது. சிறிது காலம் பிரிந்தும் சேர்ந்தும் இருந்த அரியலூர் 2007 நவம்பரில் நிலையாகப் பிரிந்தது. பெரம்பலூரில் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. நிலைமை மோசமானவர்கள் நெடுங்காலமாகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்த ஒரு மணி நேர ஆம்புலன்ஸ் பயணத்தில் நோயாளியின் உள்நிலையைத் தொடர்ந்து சொல்லிவருவது பெரும்பாலும் இந்த இரண்டு எண்கள்தான். ஆகவே அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று தெரிந்திருப்பது இப்பகுதிக்கு மிகவும் முக்கியம்.

வேலை செய்யும் விதம்

ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் பளிச்சென்ற சிவப்பு. ஆக்சிஜனை இழந்தது கருஞ்சிவப்பு. கருவி பார்ப்பது இந்த நிற வேறுபாட்டை. கவ்வியின் ஒரு பக்கத்தில் இரண்டு எல்இடி விளக்குகள் உள்ளன: ஏறக்குறைய 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி ஒன்று, 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளி ஒன்று. எதிர்ப்பக்கத்தில் ஒளியுணரி. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பொளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் ஏறாதது நேர்மாறு.

தோலும் எலும்பும் சிரை இரத்தமும்கூட ஒளியை உறிஞ்சுகின்றன. ஆனால் அவை உறிஞ்சும் அளவு ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் விம்மித் தணிவது தமனி இரத்தம் மட்டுமே. ஏறி இறங்கும் அந்தச் சிறு பகுதியை நிலையான பகுதியால் வகுத்து, சிவப்புக்குக் கிடைத்த விடையை அகச்சிவப்பின் விடையால் மீண்டும் வகுக்கிறது கருவி. இந்த விகிதம் 0.5 என்றால் ஏறக்குறைய 97 விழுக்காடு. 1 என்றால் 85. விகிதத்தை விழுக்காடாக மாற்றும் இந்த அட்டவணை ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்து, அவர்களின் தமனி இரத்தத்தைப் பரிசோதித்து உருவாக்கப்பட்டது. யாரையும் 70-க்கும் கீழே இறக்கிச் சோதிப்பது தகாது என்பதால், அதற்குக் கீழே காட்டும் எண்களை நம்பக் கூடாது.

துடிப்பிலிருந்தே ஆக்சிஜனை அறியும் இந்த வழியைக் கண்டவர் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனப் பொறியாளர் டகுவோ அயோயாகி. இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைச் சாயம் செலுத்திக் காது மடலில் அளக்க முயன்றார். நாடித்துடிப்பு அளவீட்டைக் குலைத்துக்கொண்டே இருந்தது. அதை நீக்க வழி தேடியபோதுதான், தனக்குத் தேவையான செய்தி அந்தத் துடிப்பிலேயே இருப்பதைக் கண்டார். 1974-இல் வெளியான அந்த ஆய்வு, 1980-களில் அமெரிக்க நிறுவனங்கள் வழியே உலகின் அறுவை அரங்குகளுக்குப் பரவியது. கொரோனா பெருந்தொற்று பரவிக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அயோயாகி காலமானார்.

பெருந்தொற்றுக் காலம்

தொற்று பரவியதால் 2020 மே 5 அன்று சென்னை கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்கள் வழியாக அரியலூர், பெரம்பலூர், கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் சில நாட்களிலேயே தொற்று எண்ணிக்கை பெருகியது. பலருக்கு அறிகுறியே இல்லை. மூச்சுத் திணறல் தெரியாமலே ஆக்சிஜன் இறங்கிவிடும் நோயாளிகளை இனங்காண இந்தக் கவ்வி தேவைப்பட்டது. மருத்துவமனைக்குள் இருந்த கருவி வீடுகளுக்கு வந்தது. விலை எகிறியதால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2021 ஜூலையில் விற்பனை லாபத்துக்கு 70 விழுக்காடு உச்சவரம்பு விதித்தது.

வயலில் நேரும் விபத்துகள்

பருத்தியில் காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்துகளில் ஒன்று இண்டாக்சாகார்ப். அது உடலுக்குள் போனால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாறக்கூடும். இந்த மாறிய வடிவம் இரண்டு ஒளிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சும். விகிதம் 1-ஐ நெருங்கும். உண்மை நிலை எவ்வளவு மோசமானாலும் திரை 85-ஐ ஒட்டியே நிற்கும். உதடு நீலம் பாரித்து, எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் எண் ஏறாமல், எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தால் மருத்துவர் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மாற்று மருந்தான மெத்திலீன் நீலத்தை ஏற்றியதும் எண் சட்டென்று இன்னும் சரியும். சாயம் சிவப்பொளியை உறிஞ்சுவதால் வரும் பொய்ச் சரிவு அது. அதைக் கண்டு உறவினர்கள் பதற வேண்டியதில்லை.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து நஞ்சில் இரண்டாவது எண்ணான நாடித்துடிப்புக்குத்தான் வேலை அதிகம். நாடி மந்தமாகி, நெஞ்சில் சளி நிறையும். நாடி 80-க்கு மேல் ஏறி, நெஞ்சு இரைச்சல் அடங்கும்வரை அட்ரோபின் ஊசியைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

கட்டுவிரியன் பாம்புக் கடியில் கருவி ஏமாற்றும் விதம் வேறு. தரையில் படுத்து உறங்குபவரை இரவில் வலியின்றிக் கடித்துவிடும். நஞ்சு சுவாசத் தசைகளை மெல்ல முடக்கும். முகமூடி வழியே ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு வலுவிழந்த பின்னும் திரை 98 காட்டலாம். எண் இறங்கும்போது நேரம் கடந்திருக்கும். அதனால்தான் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லி, எண்ணிக்கை குறைகிறதா என்று அடிக்கடி பார்க்கிறார்கள். கண் இமை சரிவதும் ஒரு எச்சரிக்கை. செலவே இல்லாத இந்தச் சோதனையைக் கருவி இருக்கிறது என்பதற்காகக் கைவிடுவது ஆபத்து.

இரத்தசோகை, தோல் நிறம், மருதாணி

கருவி காட்டுவது விழுக்காடு, அளவு அல்ல. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் உள்ள பெண்ணுக்கு அதில் ஏறக்குறைய 16 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். 6 கிராம் மட்டுமே உள்ளவருக்கு அதில் பாதி. இருவருக்கும் திரை 98 என்றே காட்டும். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. களையெடுத்துவிட்டு வந்து மேல்மூச்சு வாங்கும் பெண்ணிடம் '98 இருக்கு, ஒண்ணுமில்ல' என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

கறுத்த தோலில் கருவி உண்மையைவிட உயர்த்திக் காட்டும் போக்கும் உண்டு. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரில் 3.6. வெயிலில் உழைத்துக் கறுத்த மக்கள் நிறைந்த மாவட்டங்களில் 93, 94 என்ற எண்ணை நிம்மதியாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு படி கூடுதல் கவனத்தோடு பார்ப்பதே முறை. சிவந்த மருதாணி பெரிதாகத் தடுப்பதில்லை. கடைகளில் விற்கும் கருப்பு மெஹந்தியும் அடர்ந்த நகப்பூச்சும் தடுக்கும். அப்போது காது மடலில் மாட்டலாம். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, கையை அசைக்காமல், எண் நிலைத்த பிறகே குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு

பிறவி இதயக் கோளாறுகளில் சில, முதல் நாளில் கண்ணுக்குத் தெரியாது. பிறந்து 24 மணி நேரம் கழித்து, வீட்டுக்கு அனுப்பும் முன், குழந்தை அழாதபோது வலது கையிலும் ஒரு காலிலும் அளக்கிறார்கள். இரண்டில் ஒன்றாவது 95 அல்லது அதற்கு மேல் இருந்து, வேறுபாடு 3-ஐத் தாண்டாவிட்டால் சரி. எங்கேனும் 90-க்குக் கீழே இருந்தால் உடனே எக்கோ பரிசோதனை. இடைப்பட்ட எண் என்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. சில நிமிடங்களே பிடிக்கும் இந்தச் சோதனையை, பெரிய மருத்துவமனைக்குக் காத்திருக்காமல், பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம்.