புளிக்காத அப்பம்

இந்த வருசம் பெரிய வியாழன் ராத்திரி, அம்பாங்கில் எங்கள் பக்கத்து வீட்டு மலையாளி ஆன்ட்டி ஒரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆவியில் வெந்த அப்பம். நடுவில் குருத்தோலை ஞாயிறன்று கிடைத்த ஓலையில் செய்த சிலுவை. தொட்டுக்கொள்ள வெல்லமும் தேங்காய்ப்பாலும் காய்ச்சிய பால். "பெசகா அப்பம் மோனே. மாவு புளிக்க வைக்கல, அதான் கொஞ்சம் கட்டியா இருக்கும்" என்றார்.

ஞாயிறு பள்ளியில் 'பஸ்கா' என்று எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அதைச் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை. இரண்டு சொல்லுக்கும் மூலம் எபிரேயத்தின் 'பெசாக்'. கிரேக்கத்தில் தங்கி வந்தது பஸ்கா, சிரியாக் வழியாகக் கேரளத்துக்கு வந்தது பெசகா. எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலையான இரவை நினைக்கும் யூதப் பண்டிகை அது. மாவு புளிக்கிற வரைக்கும் காத்திருக்க நேரமில்லை, அதனால் புளிப்பில்லாத அப்பம்.

இயேசு யூதர். அவருடைய கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்துதான் என்று மத்தேயு, மாற்கு, லூக்கா சொல்கிறார்கள். யோவானோ பஸ்காவுக்கு முந்தின நாளிலேயே அவர் இறந்துவிட்டார் என்கிறார். ஆதிச் சபைகளில் சில, யூதர்களைப் போலவே நிசான் மாதம் 14ஆம் நாளைத்தான் கொண்டாடின. 325இல் கூடிய நிசேயா சங்கம் அதை மாற்றியது. இந்த விஷயத்தில் யூதர்களைப் பின்பற்றக் கூடாது என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் சபைகளுக்குக் கடிதமே எழுதினார்.

தேதி பிரிந்ததோடு கதை முடிந்திருந்தால் பரவாயில்லை. 1475இல், ஈஸ்டர் சமயத்தில், இத்தாலியின் டிரென்ட் நகரில் சிமோன் என்ற சிறுவன் இறந்துகிடந்தான். பஸ்கா சடங்குக்காக யூதர்கள்தான் கொன்றார்கள் என்று பழி போட்டு, சித்திரவதை செய்து, பலரைக் கொன்றார்கள். சிமோனைப் புனிதனாக வணங்கவும் செய்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அந்த வழிபாட்டை நிறுத்தியது 1965இல்தான். விருந்தைக் கொடுத்தவர்கள் மேலேயே அந்த விருந்தின் பெயரால் கொலைப்பழி.

இதை நினைத்தால், இன்று சில சபைகள் 'இயேசு சாப்பிட்ட அதே விருந்து' என்று 'சேதர்' நடத்துவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நாம் இப்போது பார்க்கிற சேதர், கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு, ஆட்டுப்பலி கொடுக்க வழியில்லாமல் போனபோது, ரபிமார் மெல்ல மெல்ல உருவாக்கிய முறை. அது இன்றும் வாழ்கிற ஒரு மக்களின் வழிபாடு. நம்ம நாடகத்துக்கான மேடைப்பொருள் இல்லை.

ஆன்ட்டி வீட்டு அப்பம் வேற மாதிரி. ஜெபம் முடிந்ததும் குடும்பத்தில் மூத்தவர் அதைப் பிட்டு எல்லாருக்கும் கொடுப்பார். அந்த வருசம் சாவு நடந்த வீட்டில் சுட மாட்டார்கள், அக்கம்பக்கத்து உறவுக்காரர்கள் கொண்டுவந்து தருவார்கள். யூத விருந்து மாதிரி நடிக்கிற வேலை அதில் இல்லை. அரிசி, உளுந்து, தேங்காய் எல்லாமே நம்ம ஊர்ச் சரக்கு. ஆனாலும் பெயரையும் புளிப்பில்லாமையையும் அது விடவில்லை. யாரிடம் வாங்கினோம் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

மலேசியாவில் நமக்கு 'யூதர்' என்பது பெரும்பாலும் செய்தியில் வரும் சொல். பினாங்கில் யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கிறது. அது இருக்கும் தெரு ஒருகாலத்தில் ஜாலான் யாஹுடி, இன்று ஜாலான் ஜைனல் ஆபிடின். பெயர் போனால் ஆட்கள் இருந்ததும் மறந்துபோகும். கிறிஸ்தவர்களுக்கு இன்றைக்குப் பஸ்கா எதற்கு என்று கேட்டால், இந்த மறதிக்கு எதிராகத்தான் என்பேன். நம்முடைய விடுதலைக் கதை முதலில் இன்னொருவருடைய கதை.

தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "வெறும் தட்டாவா திருப்பிக் குடுப்ப?" என்று அம்மா நிறுத்தி, அதில் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்.