பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா பார்க் எங்கே?

கணபதியிலிருந்து மறுபடியும் நான். போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதிப் பேர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தீங்க: "செம்மொழிப் பூங்கா போனீங்களா, எப்படி இருக்கு?" போனேன். எங்க அப்புச்சியையும் கூட்டிட்டுப் போனேன். அங்க உட்கார்ந்து அவரு கேட்ட ஒரு கேள்வியிலிருந்துதான் இந்த எபிசோட்.

அப்புச்சிக்கு 81 வயசு. மில்லுல வேலை பார்த்தவரு. கணபதியிலிருந்து சத்தி ரோட்டுல சைக்கிள் மிதிச்சு, காந்திபுரம் தாண்டி, நஞ்சப்பா ரோட்டுல ஜெயில் மதிலை ஒட்டியே முப்பது வருஷம் போய் வந்திருக்காரு. அந்த மதிலுக்கு உள்பக்கம் ஒரு பெஞ்சுல உட்கார்றது அவருக்கு இதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் சுத்திப் பார்த்துட்டுக் கேட்டாரு: "ஏஞ்சாமி, இதை எத்தனை நாளைக்கு இப்படியே வுட்டு வெப்பாங்க?"

"இப்பத்தானுங்க அப்புச்சி தொறந்திருக்காங்க"ன்னு சிரிச்சேன். வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்ச பிறகுதான், அது சிரிக்கிற கேள்வி இல்லைன்னு புரிஞ்சது.

முதல்ல இந்த இடத்தோட கதை. கோவை மத்திய சிறை 1872-ல் வந்தது. 1908-ல் வ.உ.சி.யைக் கொண்டுவந்து அடைச்சது இங்கதான். சுதேசிக் கப்பல் ஓட்டின மனுஷனை மாட்டுக்குப் பதிலா செக்குல பூட்டினது இந்த மதிலுக்குள்ளதான். அப்புறம் ஊர் வளர்ந்து ஜெயிலைச் சுத்தி வளைச்சுக்கிச்சு. பஸ் ஸ்டாண்டு, ஜவுளிக்கடை, ஹோட்டல்னு நெரிசலான காந்திபுரத்துக்கு நடுவுல ஏறக்குறைய 165 ஏக்கர் மதிலுக்குள்ள அப்படியே இருந்துச்சு. 2010 ஜூன்ல கொடிசியாவுல உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தப்ப, இங்க செம்மொழிப் பூங்கா வரும்னு அன்றைய முதல்வர் கருணாநிதி அறிவிச்சாரு. அடிக்கல் நட்டது 2023 டிசம்பர் 18. திறந்தது 2025 நவம்பர் 25. 45 ஏக்கர், 208.5 கோடி ரூபாய். அறிவிப்புக்கும் திறப்புக்கும் நடுவுல 15 வருஷம்.

உள்ள ரோஜாத் தோட்டம் இருக்கு, சங்க இலக்கியத்துல வர்ற செடி மரங்கள் இருக்கு, திறந்தவெளி அரங்கம் இருக்கு. நல்லாத்தான் இருக்கு, போய்ப் பாருங்க. ஆனா நான் சாஃப்ட்வேர்க்காரன். ரிலீஸ் பண்ற அன்னைக்கு எல்லா ஆப்பும் நல்லாத்தான் ஓடும். பத்து வருஷம் கழிச்சு அது என்ன ஆச்சுங்கறதுதான் விஷயம். பூங்காவுக்கு அதைப் பார்க்கணும்னா நாம சென்னைக்குப் போகணும்.

சென்னையில பார்க் ஸ்டேஷன்ல எத்தனை தடவை இறங்கியிருப்பீங்க? சென்ட்ரலுக்கு எதிர்ல இருக்கே, அதுதான். பக்கத்துல பார்க் டவுன்னு ஒரு ஏரியாவே இருக்கு. சரி, எந்தப் பார்க்?

1859-ல் சார்லஸ் ட்ரெவெல்யன்னு ஒருத்தர் மெட்ராஸுக்கு கவர்னரா வந்தாரு. நெருக்கமான ஜார்ஜ் டவுன் ஜனங்களுக்குக் காத்து வாங்க ஒரு இடம் வேணும்னு அவரு ஆரம்பிச்சதுதான் பீப்பிள்ஸ் பார்க். 116 ஏக்கர். கோவையில இப்பத் திறந்திருக்கறதை விட ரெண்டரை மடங்கு. குளங்கள், பேண்டு வாசிக்க மேடை, நடைபாதை, கொஞ்ச நாள்ல ஒரு மிருகக்காட்சி சாலை. அந்தக் காலத்துக்கு அதுதான் ஸ்மார்ட் சிட்டி.

அப்புறம் நடந்ததைப் பாருங்க. 1880களின் கடைசியில ஒரு ஓரத்துல விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. 1900-ல் மூர் மார்க்கெட். 1913-ல் மாநகராட்சிக்கே ரிப்பன் மாளிகை. பிறகு ஸ்டேடியம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிஞ்சு போச்சு. அந்த இடத்துல இன்னைக்கு புறநகர் ரயில் டெர்மினல் நிக்குது. மிருகங்கள் வண்டலூருக்குப் போயிடுச்சு. 116 ஏக்கர்ல தோட்டம்னு சொல்ற மாதிரி மிச்சம் இருக்கறது கொஞ்சூண்டு. பார்க் போயிடுச்சு, பேர் மட்டும் ரயில்வே போர்டுல நிக்குது.

இதுல வில்லன் யாருன்னு தேடினேன். கிடைக்கலை. ஒரு அரங்கம், ஒரு மார்க்கெட், ஒரு ஆபீஸ், ஒரு ஸ்டேடியம், ஒரு ஸ்டேஷன். ஒவ்வொண்ணும் ஊருக்குத் தேவையானதுதான். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் "இவ்வளவு இடம் சும்மாதானே கிடக்குது"ன்னு சொல்லியிருப்பாரு. அந்த 'சும்மா'ங்கற வார்த்தைதான் பூங்காவைச் சாப்பிடுது.

இதைக் கோர்ட்டுல நின்னு தடுத்தவங்க உண்டு. பெங்களூர் சதாசிவநகர் பக்கம் ஒரு லேஅவுட். பிளான்ல பூங்கான்னு குறிச்ச இடத்தை 1976-ல் ஒரு தனியார் டிரஸ்டுக்கு, ஆஸ்பத்திரி கட்டறதுக்காக ஒதுக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியும் நல்ல விஷயம்தானேன்னு தோணும். ஆனா அங்க குடியிருந்தவங்க விடலை, கேஸ் போட்டாங்க. 1991-ல் உச்ச நீதிமன்றம் அவங்க பக்கம் நின்னுச்சு. பூங்கா பணக்காரங்களோட ஆடம்பரம் இல்ல, நகரத்து மக்களுக்கு அது அவசியம். அந்த இடத்தைத் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. அதைத் தட்டிக் கேட்க அங்க வாழ்றவங்களுக்கு உரிமை உண்டு. தீர்ப்போட சாரம் இதுதான். ஒதுக்கினதுக்கும் தீர்ப்புக்கும் நடுவுல இங்கேயும் 15 வருஷம்.

சரி, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம ஊர்ல 'ரிசர்வ் சைட்'னு கேள்விப்பட்டிருப்பீங்க. இன்னைக்குத் தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல ஒரு லேஅவுட் போட்டா, ரோடு போக மீதி நிலத்துல 10 சதவீதத்தைப் பொது இடமா விட்டே ஆகணும். பணம் கட்டித் தப்பிக்க முடியாது. அந்த இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமா எழுதிக் கொடுக்கணும். அதாவது, 45 ஏக்கர் பூங்கா ஊருக்கு ஒண்ணுதான் வரும். ஆனா சின்னச் சின்னப் பூங்காவுக்கான இடம் ஏற்கெனவே உங்க தெருவுல சட்டப்படி இருக்கலாம்.

எங்க லேஅவுட்லயும் அப்படி ஒண்ணு இருக்கு. சுமார் 18 சென்ட். நான் கிரிக்கெட் கத்துக்கிட்டது அங்கதான். நான் பெங்களூருக்கு வேலைக்குப் போனப்ப ஒரு மூலையில யாரோ லாரி நிறுத்த ஆரம்பிச்சாங்க. திரும்பி வந்தப்ப அந்த மூலையில தகர ஷெட் இருந்துச்சு. போன மாசம் எங்க குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல ஒரு பெரியவரு எழுந்து, "சும்மாதானே கிடக்குது, ஒரு மண்டபம் கட்டினா வாடகை வருமுங்க, நம்ம வீட்டு விசேஷத்துக்கும் ஆச்சு"ன்னாரு. எல்லாரும் தலையாட்டினாங்க. உண்மையைச் சொல்லணும்னா, ஒரு மாசத்துக்கு முன்னாடியா இருந்தா நானும் கை தூக்கியிருப்பேன்.

அன்னைக்கு எழுந்து பேசினேன். "மாமா, அது நம்ம சங்கத்து இடமே இல்லைங்க. மாநகராட்சிக்குப் பூங்காவுக்குன்னு எழுதிக் கொடுத்தது, பத்திரக் காப்பி இருக்குதுங்க"ன்னேன். அவரு கோபப்படலை. "சரி தம்பி, பார்க்னா பார்க்கா வெச்சுக் காட்டு. முள்ளும் குப்பையுமா கிடந்தா அதுக்குப் பேரு பார்க்கா?"ன்னாரு. நியாயமான கேள்வி. ஒரு வருஷம் டைம் கொடுத்திருக்காங்க.

அதனால இப்ப ஞாயித்துக்கிழமை காலையில அங்கதான் இருக்கோம். புல்வெளி வேண்டாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம். கோவைக்கும் லண்டனுக்கும் வருஷ மழை அளவு கிட்டத்தட்ட ஒண்ணுதான், 600-700 மில்லிமீட்டர். ஆனா அங்க வருஷம் பூரா தூறிட்டே இருக்கும். இங்க நிறைய மழை அக்டோபர், நவம்பர்லயே கொட்டித் தீர்த்துடும். அவங்க ஊர்ப் புல்லை நம்ம ஏப்ரல்ல உயிரோட வைக்கணும்னா தண்ணி லாரிதான் வரணும். அதனால புங்கன், வேம்பு, நாவல். தெரு மழைத்தண்ணி வந்து இறங்க ஒரு பள்ளம். கல் பெஞ்சு ரெண்டு. சாயங்காலம் பாட்டிமாருங்க வந்து உட்கார ஆரம்பிச்சிருக்காங்க. என் கணக்குப்படி அந்த இடத்துக்குக் காம்பவுண்டு சுவரை விட அவங்கதான் பலமான காவல். தினமும் பத்துப் பேர் உட்கார்ற இடத்தைப் பார்த்து யாரும் 'சும்மா கிடக்குது'ன்னு சொல்ல முடியாது.

தகர ஷெட் இன்னும் அங்கதான் இருக்கு. மாநகராட்சிக்கு மனு போட்டிருக்கோம். என்ன ஆச்சுன்னு அடுத்த சீசன்ல சொல்றேன்.

செம்மொழிப் பூங்காவுக்கு வர்றேன். ஜெயிலை பிளிச்சிக்கு மாத்தின பிறகு, மீதி 120 ஏக்கரையும் பூங்காவோட சேர்க்கறதுதான் திட்டம். ஊருக்கு நடுவுல அவ்வளவு பெரிய இடம் காலியாகறப்ப 'சும்மாதானே'ன்னு ஒரு குரல் கண்டிப்பா வரும். அப்ப பீப்பிள்ஸ் பார்க்கை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு வேலை. உங்க லேஅவுட்டோட அப்ரூவ்ட் பிளானை வாங்கிப் பாருங்க. அதுல பூங்கான்னு போட்டிருக்கற இடத்துல இன்னைக்கு என்ன நிக்குதுன்னு நேர்ல போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்புச்சியோட உட்கார்ந்து எல்லாத்தையும் பார்க்கிறேன்.

அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம். வர்றேனுங்க.