எபிடியூரல் போட்டால் வாழ்நாள் முழுக்க முதுகுவலி வருமா?

"முதுகுல ஊசி போட்டா காலம் முழுக்க இடுப்பு வலிதான்." கர்ப்பமாக இருக்கும் உங்களிடம் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். உண்மை என்ன?

எபிடியூரல் என்பது என்ன?

மயக்க மருந்து நிபுணர் உங்கள் கீழ் முதுகில், தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாயைப் பொருத்தி மருந்து செலுத்துவார். சுமார் 20 நிமிடங்களில் வலி குறையும். நீங்கள் விழிப்புடன்தான் இருப்பீர்கள், முக்கவும் முடியும்.

முதுகுவலி, சிசேரியன் வருமா?

ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் வலிக்கலாம். ஆனால், எபிடியூரலால் நீண்டகால முதுகுவலியோ சிசேரியனோ அதிகரிப்பதாக 2018-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு காட்டவில்லை.

பக்கவிளைவுகள் உண்டா?

உண்டு. ரத்த அழுத்தம் குறையலாம், அரிப்பு, காய்ச்சல் வரலாம், கால் மரத்துப்போகலாம். சுமார் 100 பேரில் ஒருவருக்குக் கடும் தலைவலி வரும். அதற்குச் சிகிச்சை உண்டு.

யார் கவனமாக இருக்கணும்?

பிளேட்லெட் குறைவாக இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். சிலருக்கு எபிடியூரல் போட முடியாது.

எப்போது கேட்பது?

வலி வந்த பிறகு அல்ல, எட்டாம் மாதமே. "ராத்திரி 2 மணிக்கும் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா? கட்டணம் தனியா?" என்று கேளுங்கள். ஆரோக்கியமான கர்ப்பிணி வலி நிவாரணம் கேட்டால் எபிடியூரல் தரலாம் என்பதே உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. வேண்டுமா, வேண்டாமா என்ற முடிவு உங்களுடையது.