கடுதாசி கொண்டு வந்தவன்

எமது ஊர்களுக்குக் கடுதாசி கொண்டு வந்தவர்கள் இரண்டு வகையினர். ஒருவர் தபாற்காரர். அவரை ஒழுங்கை முகப்பிலேயே எதிர்பார்த்து நிற்போம். மற்றவர் பிஸ்கால். படலைக்கு வெளியே நின்று, "வீட்டுக்காரர் நிற்கிறாரோ?" என்று அவர் கேட்ட குரல் காதில் விழுந்ததுமே, கிணற்றடியில் நின்ற ஐயா கோடிப்புறத்தால் பனங்காணிக்குள் இறங்கிவிடுவார். "அவர் கிளிநொச்சிக்குப் போட்டார், எப்ப வருவாரெண்டு தெரியாது" என்று ஆச்சி சொல்லுவா. பிஸ்காலுக்கும் அது பொய்யென்று தெரியும். ஆனாலும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

பிஸ்கால் என்ற சொல் ஒல்லாந்தர் விட்டுப்போனது. அவர்களது ஆட்சியில் பிஸ்கால் என்பவன் குற்றவாளிகள்மீது வழக்குத் தொடுக்கும் பெரிய உத்தியோகத்தன். பின்வந்த ஆங்கிலேயர் பெயரை வைத்துக்கொண்டு வேலையை மாற்றினார்கள். அழைப்பாணைகளைச் சேர்ப்பிப்பதும் தீர்ப்புகளை நிறைவேற்றுவதும் பிஸ்கால் கந்தோரின் பொறுப்பாயின. எமது சனங்களின் வாயிலோ, அந்தக் கந்தோரிலிருந்து கடுதாசி கொண்டு வரும் கடைசிச் சேவகனும் பிஸ்கால்தான். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, அழைப்பாணையை எதிராளியின் கையிலேயே கொடுக்கவேண்டும் என்றது. தேடியும் ஆள் அகப்படாவிட்டால், நீதிமன்றத்தின் அனுமதியோடு வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். ஆகவே ஐயாவின் ஓட்டம் சில வாரங்களைத்தான் சம்பாதித்துக் கொடுத்தது.

சட்டத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒருவனுக்குச் சொல்லாமல் அவன்மீது தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான் கையில் கொடுக்கும் இந்த விதியே வந்தது. தமக்கெதிராக வழக்கு நடந்ததே தெரியாமல் காணியை இழந்தவர்கள் எம்மிடையேயும் உண்டு. ஆனால் படலையடியில் நிற்கும் ஆளைக் கண்டு நடுங்குகிறவனுக்கு அந்த நியாயம் தெரிவதில்லை.

நாம் ஒளித்து ஓடுவதோடு நின்றுவிட்டோம். எம்மைப் போலவே ஆங்கிலேயரின் ஆட்சிக்கும் சட்டத்துக்கும் உட்பட்டிருந்த இன்னொரு தீவில், அந்தக் கடுதாசி கைமாறும் கணத்தையே மக்கள் போர்க்களமாக்கினார்கள். பகிஷ்கரிப்பு என்று நாம் தமிழில் சொல்லும் செயலுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர், அப்படி ஒரு கடுதாசி திருப்பி அனுப்பப்பட்ட நாட்களில் பிறந்ததுதான்.

அயர்லாந்தில் இந்த வேலையைச் செய்தவர்களைக் கட்டளைச் சேவகர் என்று சொல்லலாம். நிலப்பிரபுவோ அவரது முகவரோ நீதிமன்றத்திலிருந்து பத்திரத்தை எடுத்து, கூலி கொடுத்து இவர்களிடம் ஒப்படைப்பார்கள். குடியானவனின் வாசலில் நிலப்பிரபுவின் முகமாக நின்றவன் இந்தக் கூலிக்காரனே. கொண்டு வந்த பத்திரத்தையே மென்று தின்னச் செய்து திருப்பி அனுப்பப்பட்ட சேவகர்களின் கதைகள் அந்நாட்டில் பல உண்டு.

எல்லாம் சிரிப்போடு முடிந்துவிடவில்லை. 1831ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி, கில்கெனி மாவட்டத்தின் கரிக்ஷொக் என்ற இடத்தில், எட்மண்ட் பட்லர் என்ற சேவகன் பொலிஸ் காவலோடு போனான். கத்தோலிக்கக் குடியானவர்கள், தமக்குச் சம்பந்தமில்லாத புரட்டஸ்தாந்து திருச்சபைக்குக் கட்டவேண்டியிருந்த தசமபாக வரியின் பாக்கிக்கான கட்டளைகள் அவன் கையில் இருந்தன. இருபக்கமும் மதில் கட்டிய ஒடுங்கிய ஒழுங்கையில் சனம் அவர்களை மறித்தது. சனம் கேட்டது பட்லரை மட்டுமே. பொலிசார் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. கல்லும் தடியும் துவக்கும் பேசி முடிந்தபோது பட்லரும் பொலிசாரில் பன்னிரண்டு, பதின்மூன்று பேரும் கிராமத்தவர் மூவரும் செத்துக் கிடந்தனர். பின்னர் நடந்த வழக்கில் டானியல் ஓகொனல் கிராமத்தவர்களுக்காக வாதாடினார், ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த வெற்றியை அவர்கள் கொண்டாடினார்கள். பட்லர் என்ற கூலிக்காரனுக்காக அழுதவர்கள் எத்தனை பேர் என்று கேட்கும் பழக்கம் எந்த விடுதலைப் போராட்டத்துக்கும் இருந்ததில்லை. எமக்கும் இருக்கவில்லை.

நாற்பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு, மேற்கே மேயோ மாவட்டத்தில், லொக் மாஸ்க் ஏரிக்கரையில் நடந்ததுதான் உலகம் அறிந்த கதை. அங்கே ஏர்ன் பிரபுவின் காணிகளுக்கு முகவராக இருந்தவர் கப்டன் சார்ள்ஸ் பொய்கொட், ஓர் ஆங்கிலேயர். எழுபதுகளின் கடைசி வருடங்களில் விளைச்சல் தொடர்ந்து பிழைத்திருந்தது. குத்தகையில் நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்கும்படி குடியானவர்கள் கேட்டார்கள். பிரபு பத்துக்கு மேல் இறங்கவில்லை. குத்தகை கட்டாத பதினொரு பேரை எழுப்புவதற்குப் பொய்கொட் நீதிமன்றத்தில் கட்டளை எடுத்தார்.

1880 செப்டம்பர் 22ஆம் திகதி, டேவிட் சியேர்ஸ் என்ற சேவகன் பதினேழு பொலிசாருடன் அந்தப் பத்திரங்களைக் கொண்டு புறப்பட்டான். குறித்த நாட்களுக்குள், குடும்பத் தலைவனின் கையிலோ மனைவியின் கையிலோ அவன் அவற்றைக் கொடுத்தாக வேண்டும். மூன்று வீடுகளில் கொடுத்து முடித்தான். நாலாவது வீட்டில் இருந்தவள் திருமதி பிற்ஸ்மொறிஸ். அவள் கடுதாசியை வாங்க மறுத்து, ஒரு சிவப்புக் கொடியை எடுத்து அசைத்தாள். அயலில் இருந்த பெண்களெல்லாம் ஓடி வந்தனர். கல், சேறு, சாணி, அகப்பட்டதை எல்லாம் எறிந்தார்கள். சியேர்சும் பதினேழு பொலிசாரும் பொய்கொட்டின் வீட்டுக்குள் ஓடிப் புகுந்தனர். அடுத்த நாளும் அவன் முயன்றான். மிச்சப் பத்திரங்கள் கைமாறவில்லை.

இதில் திட்டம் எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அதே ஆண்டு ஜனவரியில் கோல்வே மாவட்டத்தின் கரறோவில், பொலிசோடு வந்த சேவகன் ஒருவனைச் சனம் மறித்த செய்தி எங்கும் பரவியிருந்தது. செப்டம்பர் 19ஆம் திகதி, அதாவது சியேர்ஸ் வருவதற்கு மூன்றே நாள் முன்னர், எனிஸ் நகரக் கூட்டத்தில் பார்னெல், பிறர் எழுப்பப்பட்ட காணியை எடுப்பவனைச் சுடவேண்டாம், எல்லோருமாக ஒதுக்கிவையுங்கள் என்று பேசியிருந்தார். மேயோவின் பெண்கள் சேறள்ளி எறிந்த மறுநாள் ஊர் திரண்டது. பொய்கொட்டின் வேலைக்காரர் வேலையை விட்டனர். கொல்லன் இரும்படிக்க மறுத்தான், சலவைக்காரி துணி எடுக்க மறுத்தாள், பலின்றோப் கடைகளில் சாமான் கொடுக்கவில்லை. எல்லோரும் மனமுவந்து செய்தார்கள் என்பதற்கில்லை. சலவைக்காரியும் தபாற் பையனும் வெருட்டப்பட்டார்கள். இந்த ஒதுக்கலுக்குக் குடியானவர் வாயில் நுழையக்கூடிய ஒரு பெயரை அந்த ஊர்ப் பாதிரியார் ஓமலியும் அமெரிக்கப் பத்திரிகையாளர் றெட்பாத்தும் தேடினார்கள். கப்டனின் பெயரே சொல்லாகியது. நவம்பரில் வடக்கிலிருந்து ஐம்பது கூலியாட்கள் வந்து, ஆயிரம் பேரளவிலான படையும் பொலிசும் காவல் நிற்க, ஐந்நூறு பவுண் பெறுமதியான பயிரை அறுவடை செய்தார்கள். செலவு பத்தாயிரம் பவுண் என்று மதிப்பிட்டார்கள். டிசம்பர் முதலாம் திகதி பொய்கொட் அயர்லாந்தை விட்டே போனார்.

அந்தச் சொல் ஐம்பது வருடத்தில் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது. முழுச் சுயாட்சி தராத டொனமூர் அரசியலமைப்பை ஏற்க முடியாது என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வடக்கின் நான்கு தொகுதிகள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. டொனமூர் பிரபு ஓர் ஐரிஷ் பிரபு என்பது வேடிக்கை.

ஆனால் சொல் வருவதற்கு முன்பே செயல் எம்மிடம் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வண்ணானை மறி, அம்பட்டனை மறி, ஊர்க் கிணற்றை மறி என்பது எமது கிராமங்களில் பழைய தண்டனை. மேயோவில் அது கீழிருந்து மேலே போனது. எம்மிடம் பெரும்பாலும் மேலிருந்து கீழே வந்தது. அதற்குச் சேவகனோ கடுதாசியோ தேவைப்படவில்லை.

அயர்லாந்தில் அரசாங்கமும் பாடம் படித்துக்கொண்டது. 1887ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின்படி, குத்தகைப் பாக்கிக்குத் தீர்ப்பு ஆன பிறகு எழுத்தில் ஓர் அறிவித்தல் அனுப்பினாலே போதும். குடியானவன் தன் காணியில் உரிமையற்ற வெறும் காவற்காரனாகிவிடுவான். அது தபாலிலும் போகலாம். சுலபமாக எழுப்பும் சட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். சிவப்புக் கொடி காட்டி ஊரைக் கூட்டினாலும், அங்கே வந்து நிற்பவன் தபாற்காரன். அவன் கையில் மகனின் அமெரிக்கக் கடிதமும் இருக்கும்.

புகலிடத்தில் எங்களுக்கு வந்தவையும் இந்த இனத்தைச் சேர்ந்தவைதாம். எட்டுப் பேர் இருந்த ஓர் அறையில், கடிதப் பெட்டியில் தபாற்கந்தோர்த் துண்டு ஒன்று கிடக்கும்: பதிவுத் தபால் வந்திருக்கிறது, வந்து எடுக்கவும். அகதி மனு நிராகரிக்கப்பட்ட கடிதமாகத்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். போய் எடுக்காதே, எடுக்காவிட்டால் கணக்கில்லை என்று ஒருவர் சொல்லுவார், கோடிப்புறத்தால் பனங்காணிக்குள் இறங்கியவரின் மகன். எடுக்காவிட்டாலும் மேன்முறையீட்டுக்குரிய நாள் ஓடிக்கொண்டிருக்கும் என்று மற்றவர் சொல்லுவார். இரவு முழுக்க வாக்குவாதம் நடக்கும். காலையில் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டு பேராகப் போய், வரிசையில் நின்று, கையெழுத்து வைத்து வாங்கிக்கொண்டு வருவோம். மொழி தெரிந்தவர் ஒருவரின் வீடு இரண்டு பஸ் தூரத்தில் இருந்தது. கடிதத்தை உடைக்காமலே அங்கு கொண்டு போவோம்.